இடது முன்தோள்

பல்லக்குத் தண்டு தோளில் உட்கார்ந்ததுமே இருளப்பனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை. நாற்பது நாள் இருட்டறையில் அடைத்து வைத்த பொம்பளை, சோற்றைத் தொட்டாளோ இல்லையோ, லேசாகத்தானே இருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அரண்மனைப் பின்வாசலைத் தாண்டி முதல் அடி வைத்தான். நாலு முனைக்கு நாலு தோள். முன்னால் இடது அவன், வலது கருத்தாண்டி. பின்னால் இடது அவன் பெண்டாட்டியின் அண்ணன் சோணை, வலது மூக்கன். பதினெட்டு வருஷமாக இதே நாலு பேர், இதே வரிசை. “படி,” என்றான் இருளப்பன். “படி,” என்று பின்னால் இருந்து சோணையும் மூக்கனும் திருப்பிச் சொன்னார்கள். முன்னால் போகிறவன் வழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவனுக்குப் பல்லக்கின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. மற்ற நாளில் இதோடு பாட்டும் இருக்கும். இன்றைக்குப் பாட்டு கூடாது என்று உத்தரவு. முன்னால் ஒற்றைத் தப்புப்பறை மட்டும் நிதானமாக அடித்துக்கொண்டு போனது. நாற்பது நாள் பட்டினி என்றால் எவ்வளவு குறையும்? கால்வாசி குறையுமா? ஒரு ஆள் கால்வாசி குறைந்தால் நாலு தோளிலும் சமமாகத்தானே குறைய வேண்டும். இவன் தோளில் மட்டும் ஏன் இவ்வளவு குறைகிறது? அதை யோசிக்க வேண்டாம் என்று வழியைப் பார்த்தான். “சாணி,” என்றான். “சாணி,” என்றார்கள் பின்னால்.

கருங்காலிக்கோட்டையில் ராணியை வெட்டுவதில்லை. ராணியின் முகத்தைப் புருஷனைத் தவிர வேறு ஆம்பளை பார்க்கக்கூடாது, ராணியின் கால் மண்ணில் படக்கூடாது, ராணியின் ரத்தம் தரையில் விழக்கூடாது. இத்தனை கூடாதுகளுக்கு நடுவில் ஒருத்தியைக் கொல்ல வேண்டும் என்றால் பல்லக்குதான் வழி. அவளை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்திப் பட்டுக்கயிறு சுற்றி அரக்கு முத்திரை வைப்பார்கள். பெரிய கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய், அடியில் கல் கட்டி, தூக்கிகள் நாலு பேரும் மடைக்குழி ஓரம் வரைக்கும் தண்ணீருக்குள் சுமந்துபோய்த் தோளை விடுவார்கள். ராசா கொல்லவில்லை, பல்லக்கு தவறியது. அப்படித்தான் ஏட்டில் எழுதுவார்கள். இருளப்பனின் பாட்டன் காலத்தில் ஒரு தரம் அப்படி நடந்தது. தூக்கின நாலு பேருக்கும் ஆளுக்கொரு புதுவேட்டி கொடுத்தார்களாம், பாவம் கழிய. இந்தத் தரம் வேட்டியை முன்கூட்டியே மடித்துக் கரையில் வைத்திருப்பதாக மூக்கன் காலையில் சொன்னான். எட்டு முழமாம். “நாச்சியார் புண்ணியத்துல கல்யாணத்துக்குக் கட்டலாம்,” என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, வாயில் எதையாவது போட்டுக்கொண்டு நடந்தால்தான் நடக்க முடியும் என்பதற்காகச் சொன்னான்.

வேட்டியை நினைத்ததும் தலைப்பாகை ஞாபகம் வந்தது. இருளப்பன் அதைத் தலையில் கட்டவில்லை, மடித்துத் தண்டுக்குக் கீழே மெத்தையாகத் தோளில் போட்டிருந்தான். சிவப்புத் தலைப்பாகை, அவையில் பிரதானி கையால் கொடுத்தது. எதற்குக் கொடுத்தது என்று நினைக்காமல் இருக்க நாற்பது நாளாகப் பார்க்கிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நினைப்பு அங்கேயே வந்து நின்றது. மாசி மாசம் ராணி சொர்ணக்கிளி நாச்சியாரை மலைக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விட்டு வந்து, பல்லக்குக் கொட்டடியில் கூழ் குடிக்கும்போது அவன் சொன்னான்: “இன்னிக்குப் பல்லக்கு லேசா இருந்துச்சுப்பா. நாச்சியார் ஏறின மாதிரியே இல்ல. வாழைத்தாரு ஏத்தின மாதிரி இருந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னது. கருத்தாண்டிக்குப் புரையேறியது. “வாழைத்தாருக்கு எதுக்குய்யா பட்டுத்திரை?” என்று சோணை கேட்டான். குதிரை லாயத்துக்காரன் ஒருத்தன் நெருப்புக் கேட்க வந்தவன், அவனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனான். ராசாவின் படை சண்டையில் தோற்றுத் திரும்பின மூன்றாம் நாள் அவையில் இருந்து ஆள் வந்தது. அப்போதாவது, ஐயா அது கூழ்க்குடி விளையாட்டுப் பேச்சு என்று காலில் விழுந்திருந்தால் முடிந்திருக்கும். விழத்தான் போனான். அதற்குள் பிரதானி, வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஏண்டா, உன் தோளுக்கு அவ்வளவு புத்தியா?” என்று கேட்டார். அவை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இருளப்பனைச் சுட்டது. பதினாறு வயசில் இருந்து தண்டு தாங்கிக் காய்த்துப்போன தோள். அந்தக் காய்ப்பில் ஊசி குத்தினால் ரத்தம் வராது, ஆனால் உள்ளே இருப்பவர் ஒரு பெருமூச்சு விட்டால் அதற்குத் தெரியும். அரண்மனையில் அவன் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. “என் தோள் பொய் சொல்லாதுங்கய்யா. வேணும்னா சோதிச்சுப் பாருங்க,” என்றான். சொன்னவன் அவன்தான். யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை.

சோதித்தார்கள். அரண்மனைப் பொம்பளைகள் ஐந்து பேரை ஒவ்வொருத்தியாக, இவன் கண்ணுக்குக் காட்டாமல் ஏற்றிக் கதவைச் சாத்தி, முற்றத்தைச் சுற்றித் தூக்கிவரச் சொன்னார்கள். சின்ன ராணி, சமையல்கட்டு அம்மா, சின்ன ராணியின் தங்கச்சி, எல்லாரையும் சரியாகச் சொன்னான். நாலாவதாக நாச்சியாரையே ஏற்றியிருந்தார்கள். அதைச் சொல்ல அவனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. நாச்சியார் எப்போதும் இடதுபக்கத் திண்டில் சாய்ந்து உட்காருவார், இடதுபக்கத் திரையிடுக்கில்தான் ஊர் தெரியும் என்று. அந்தச் சாய்வு முழுக்க இவன் தோளில்தான் இறங்கும். பதினோரு வருஷமாக அந்த அம்மா ஊரைப் பார்த்த பாரத்தைச் சுமந்தது இந்த இடது முன்தோள். ஐந்தாவது ஆளைத் தூக்கியதும் அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது, ஆமாம், சந்தோஷம்தான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. “இதுதாங்கய்யா. மாசி மாசம் ஏறினது இந்த ஆளுதான்,” என்று கத்தினான். பல்லக்கின் கதவு திறக்கவில்லை. உள்ளே யார் என்று இவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிரதானி தலையை ஆட்டினார், எழுத்தர் எழுதிக்கொண்டார், தலைப்பாகை வந்தது. வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகுதான், என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்பதே விளங்கியது. மாசி மாசம் பல்லக்கில் வேறொருத்தியை ஏற்றி அனுப்பிவிட்டு நாச்சியார் குதிரையேறி எல்லைக்குப் போயிருக்கிறார். பக்கத்துப் பாளையத்து அதிபதி அவருடைய கூடப்பிறந்த அண்ணன். அறுப்பு முடிந்ததும் உன்மேல் படை வருகிறது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். படை போனபோது அங்கே கோட்டை வாசலெல்லாம் அடைத்துத் தயாராக இருந்தார்கள். ராசா தோற்றுத் திரும்பினார். தோற்ற ராசாவுக்கு யாராவது ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தரை, சுத்தமாக எடைபோட்டு, இவன் தோள் எடுத்துக் கொடுத்தது.

“திருப்பம்,” என்றான். “திருப்பம்,” என்றார்கள். தேரடித் தெரு இரண்டு பக்கமும் ஜனம். ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி மக, கட்டின புருஷனுக்கே குழி பறிச்சாளே,” என்றாள் ஒருத்தி. “போடி இவளே, கூடப்பிறந்தவன் சாகிறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பாளா? நீ இருப்பியா?” என்றாள் இன்னொருத்தி. “நானெல்லாம் இருப்பேன். என் அண்ணன் யோக்கியதை உனக்குத் தெரியாது.” யாரோ குபீரென்று சிரித்து, சிரித்ததற்காகப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பல்லக்கு மூலை திரும்பியது. மூலை திரும்பும்போது நாச்சியார் கொஞ்சம் கூடுதலாக இடதுபக்கம் சாய்வார், தேரைப் பார்க்க. ஒரு நாளும் தப்பியதில்லை. இன்றைக்குத் தண்டு அசையவில்லை. உள்ளே இருக்கிற பாரம் நட்டநடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தின மாதிரி, ஒரே இடத்தில் இருந்தது. திண்டில் சாய்ந்து பழகாத உடம்பு. வாழ்நாளில் தரையில் மட்டும் உட்கார்ந்த உடம்பு. பட்டினியால் எடை குறையலாம், உட்காருகிற விதம் மாறுமா? இருளப்பன் இனியும் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. மாசி மாசம் ஏறின அதே ஆள்.

முதலில் வந்தது ஆனந்தம். கால் இரண்டும் தரையில் பாவவில்லை. அப்படியென்றால் நாச்சியார் தப்பித்துவிட்டார்! மறுபடியும் அதே வேலையைச் செய்து, எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விட்டார், இந்நேரம் எல்லைக்கு அப்பால் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். என் வாய் அவரைக் கொல்லவில்லை. நாற்பது நாள் தூங்காததெல்லாம் வீண். பிரதானியை நிமிர்ந்து பார்க்கத் தோன்றியது. அவர் குதிரைமேல் வலதுபக்கம் வந்துகொண்டிருந்தார், குடை நிழலில், வெற்றிலை மென்றுகொண்டு. உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பத்து அடிவரைக்கும் நன்றாக இருந்தது. பதினோராவது அடியில், அப்படியென்றால் உள்ளே இருப்பது யார் என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. யாரோ ஒரு வேலைக்காரி. வேலைக்காரி என்றால் யார்? யாரோ. நாச்சியாருக்காகத் தானே மனசு ஒப்பி ஏறியிருப்பாள், விசுவாசம். அப்படியும் உண்டுதானே. கண்மாய்க்கு இன்னும் எவ்வளவு தூரம்? சாவடி, அப்புறம் புளியமரம், அப்புறம் கரைமேடு. விசுவாசம் என்றால் சரி. விசுவாசத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்? “கல்லு,” என்றான். “கல்லு,” என்றார்கள். அப்போதுதான் பலகையில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். மூன்று. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று.

அந்த மூன்று தட்டு அவனுக்குத் தெரியும். பின்வாசலில் பல்லக்கை இறக்கிக் கொட்டடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கும்போது, மோர்ப்பானையின் பக்கத்தில் விரல் மோதிரத்தால் மூன்று தட்டு விழும். ராக்கு. “தூக்குற மகராசமாரே, வந்து குடிங்க. உள்ள இருக்கிறவுகளுக்கு வெயிலு தெரியாது, உங்களுக்குமா தெரியாது?” என்பாள். அரண்மனை மோரை அரண்மனைக்குத் தெரியாமல் ஊற்றுகிறவள். ஒரு நாள் இவன் தோளைத் தொட்டுப் பார்த்து, “ஏண்ணே, இது தோளா, எருமைத்தோலா? செருப்புத் தைக்கலாம் போலிருக்கே,” என்றாள். நாற்பது நாளாக மோர் இல்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான். நினைத்தானா? நினைத்துக்கொண்டான். ஐந்தாவது ஆள் இதுதான் என்று கத்தியது யார்? பெயர் தெரியாமல்தான் கத்தினான், ஆனால் உள்ளே இருந்தவளுக்கு இவன் குரல் தெரிந்திருக்குமே. இருளப்பண்ணே கத்துது என்று அந்த இருட்டுக்குள் குந்திக்கொண்டு கேட்டிருப்பாளே. இப்போது வாயை அடைத்திருக்கிறார்கள் போல, கையைக் கட்டியிருக்கிறார்கள் போல, காலாலோ எதாலோ தட்டுகிறாள். விசுவாசத்தில் ஏறினவள் எதற்குத் தட்டுகிறாள்? டொக், டொக், டொக். மோர் குடிக்கக் கூப்பிடுகிற மாதிரியே. சொல்லிவிட்டால்? உள்ளே இருப்பது ராணி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் பிழைப்பாள், நாச்சியாரைத் தேடிக் குதிரை ஓடும். முதல் தரம் என் நாக்கு நாச்சியாரைக் காட்டிக்கொடுத்தது, இரண்டாம் தரமும் அதே நாக்கா? சொல்லாமல் இருந்தால் இவளை என் தோள் கொல்லும். நாக்கா, தோளா? நாச்சியாருக்குக் குதிரை உண்டு, அண்ணன் உண்டு, கோட்டை உண்டு. இவளுக்கு ஒரு பானை இருந்தது. தப்பின் நடை அவன் கணக்குக்கு நடுவில் விழுந்துகொண்டே இருந்தது.

சாவடியில் நிறுத்தினார்கள். பல்லக்கை இறக்கக்கூடாது; கையில் இருக்கிற முட்டுக்கழியைத் தண்டுக்கு ஊன்றுகொடுத்து, நின்றபடியே மூச்சு வாங்க வேண்டும். பிரதானி குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்தார். தோளில் கிடந்த சிவப்பைப் பார்த்தார். “தலைக்குக் கொடுத்ததைத் தோளுக்குப் போட்டிருக்கியே,” என்றார். இருளப்பன் வாயைத் திறந்தான். வேறு வார்த்தை எதுவும் வரவில்லை, பழைய வார்த்தைதான் வந்தது.

“ஐயா, இன்னிக்கும் லேசா இருக்குங்கய்யா.”

பிரதானி மெல்லுவதை நிறுத்தினார். கோபம் வரும் என்று இவன் நினைத்தான். வரவில்லை. குனிந்து, குதிரைக் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசினார்.

“கெட்டிக்காரத் தோள்தான். தெரியும்டா. நாச்சியார் முந்தாநாளே அண்ணன் வீட்டுக்குப் போயாச்சு. தங்கச்சியக் கேட்டான், கொடுத்தாச்சு, சண்டை இனி இல்லை. ஆனா ராசா அவையில சொன்ன வாக்கு பொய்யாகலாமா? மூணு பேருக்குத் தெரியும். நீ நாலாவது. அஞ்சாவதுக்கு இடமில்ல. நட.”

நடந்தார்கள். என்ன சொன்னார் என்று சோணை பின்னால் இருந்து கேட்டான். “ஒண்ணுமில்ல மச்சான்.” “லேசா இருக்குன்னுதான மாப்ள சொன்ன?” இருளப்பன் வழியைப் பார்த்து நடந்தான். “எனக்கும் தெரியுது. இந்தத் தட்டு எனக்கும் கேக்குது,” என்றான் சோணை. “பேசாம நட மாப்ள. பிள்ளகுட்டிக்காரங்க நாம.” பிள்ளகுட்டிக்காரங்க. ஆமாம். இந்த நாட்டில் எதைச் செய்யச் சொன்னாலும் செய்வதற்குப் பிள்ளைகுட்டி இருந்தால் போதும். புளியமரம் தாண்டியது. இருளப்பனுக்கு இப்போது பயம் இல்லை, அதுதான் ஆச்சரியமாக இருந்தது. பயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன, அற்பமான யோசனை உட்கார்ந்து அரித்தது. அண்ணன் தங்கச்சி கூடிவிட்டார்கள், ராசாவும் மச்சானும் கூடிவிட்டார்கள். இத்தனை பேரும் சமாதானமாகப் போவதற்கு நடுவில் ஒரு எடை குறைந்தது, அந்த எடைக்கு ராக்கு. அதுகூடச் சரியான எடை இல்லையே! ராணியின் எடைக்கு ஈடாகக்கூட இவளை எடுத்துக்கொள்ளவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள், தூக்குகிறவன்தானே என்று லேசாக ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அலட்சியம்தான் அவனைச் சுட்டது, அன்றைக்கு அவை சிரித்த மாதிரியே. அதே ரோஷம்தான் இதுவும். நல்ல புத்தி எதுவும் அவனுக்குப் புதிதாக வந்துவிடவில்லை. கரைமேடு தெரிந்தது. மேலே கல் குவித்திருந்தார்கள். பக்கத்தில் மடித்த வேட்டி நாலு, காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன் மேலும் ஒரு கல். தண்ணீர் வெயிலில் தகடாகக் கிடந்தது. தோளை எடுக்க வேண்டும். தண்டு உட்கார்ந்திருக்கும்போது தோளை எடுப்பது எப்படி? இருபத்தாறு வருஷத்தில் ஒரு தரமும் செய்ததில்லை. காய்ச்சலில் செய்ததில்லை, தேள் கொட்டினபோது செய்ததில்லை, பெற்ற பிள்ளை செத்த சேதி வழியில் வந்தபோதுகூட நாச்சியாரை மண்டபத்தில் இறக்கிவிட்டுத்தான் அழுதான். இப்போது மனசு எடு என்றது, தோள் தண்டைப் பிடித்துக்கொண்டது. அது பல்லக்கின் தோள், இவனுடையது இல்லை. ஒரு அடி. இன்னொரு அடி. டொக், டொக், டொக். சட்டென்று எடுத்தால் சோணை காலில் விழும், மூக்கன் முட்டி போய்விடும், முன்னால் போகிறவன் சொல்லாமல் எதையும் செய்யக்கூடாது. வழியில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லித்தான் பழக்கம்.

“மேடு,” என்றான். “மேடு,” என்றார்கள் பின்னால்.

“தோள் எடுக்கிறேன்,” என்றான்.

அப்படி ஒரு சொல் தூக்கிகள் பேச்சிலேயே கிடையாது. கருத்தாண்டி திரும்பிப் பார்த்தான். மூக்கன் தண்டை இறுக்கிப் பிடித்தான். ஆனால் பதினெட்டு வருஷமாக இருளப்பன் சொன்னதைத் திருப்பிச் சொல்லியே பழகிய சோணை, தப்பின் இரண்டு அடிக்கு நடுவில், உரக்க, தெளிவாக, “தோள் எடுக்கிறேன்,” என்றான். சொன்ன பிறகு தான் சொன்னதைக் கேட்டான். இருளப்பன் தோளை எடுத்தான், அவனும் எடுத்தான்.

பல்லக்கு இடதுபக்கமாகச் சரிந்து, வலதுபக்கத்துக்காரர்கள் கையை இழுத்துக்கொண்டு, கரைமேட்டு மண்ணில் இறங்கியது. பட்டுக்கயிறு அறவில்லை, அரக்கு உடையவில்லை, கீல்தான் பிய்ந்தது. கதவு பிளந்த சந்தில் ஒரு கால் வெளியே நீண்டது. வெடிப்பு விழுந்து, சாணமும் ஈரமும் தின்று கறுத்த குதிகால். தப்பு நின்றது. ராணியின் கால் மண்ணில் பட்டதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஜனம் அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“இது ராணி காலா?” என்றாள் ஒருத்தி.

“அடியே, மோர் ஊத்துற ராக்குடி இது. நம்ம ராக்குடி!” என்று கதவுச் சந்துக்குள் எட்டிப் பார்த்த இன்னொருத்தி கத்தினாள்.

பெயர் கூட்டத்துக்குள் பின்னால் பின்னால் போவது கேட்டது. பிரதானி குடைக்காரனைத் தள்ளிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். குதிரைக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் இருளப்பன் நின்றான். சிவப்புத் துணி எங்கோ விழுந்து கிடந்தது. தோளில் ஒன்றும் இல்லாமல் நிற்பது அவனுக்கு இன்னும் பழகவில்லை. உடம்பு கொஞ்சம் வலதுபக்கமாகவே சாய்ந்திருந்தது.